வில்லங்கச் சான்று

காரைக்குடியில்
சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் மேசை.
டோக்கன் கூப்பிட்டால் பத்திரம்,
கூப்பிடாத நேரத்தில் மதிப்புரை.

மூன்று நாவல் அனுப்பியிருக்கிறார் அடைக்கப்பன்.
மூன்றும் மாய உலகம், மூன்றிலும் அரசியல் கேலி.
'வெள்ளிக்குள் வேணும், ஒரு பக்கம்,
யாரும் நோகாம' என்று துண்டுச் சீட்டு.

முதலாவது அறுநூறு பக்கம்.
ஒரு சிம்மாசனம், அறுபத்து நாலு வாரிசு,
ஆளுக்குப் பதினோரு நிமிடம் அரசாட்சி.
மணி அடித்தால் அடுத்தவன் ஏறி
முந்தினவன் போட்ட சட்டத்தைக் கிழிப்பான்.
அபாரக் கற்பனை என்கிறது பின்னட்டை.
போன மாதம்தான் கானாடுகாத்தான் வீடு ஒன்றுக்கு
நாற்பத்தோரு பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கினேன்.
ஒருவர் பினாங்கில், ஒருவர் கோமாவில்,
ஒருவருக்கு முகப்புக் கதவில்
இடது பக்கம் மட்டும் பாத்தியம்.
'கற்பனை'யை அடித்துவிட்டு
'கள ஆய்வு' என்று எழுதினேன்.
ஆசிரியர் கோபித்துக்கொள்ளலாம்.
நான் பாராட்டித்தான் எழுதினேன்.

இரண்டாவதில் டிராகன் தேர்தலில் நிற்கிறது.
புகையில்லா ஆட்சி தருவதாக வாக்குறுதி.
முதல் ஐம்பது பக்கம் வாய்விட்டுச் சிரித்தேன்,
ஸ்டாம்ப் வெண்டர் சிகப்பி எழுந்து வந்து பார்க்கிற அளவு.
அப்புறம் எழுதினவருக்குப் பயம் பிடித்துவிட்டது.
டிராகனுக்கு நோயாளித் தாய், பழைய காதல்,
முடிவில் அது நல்ல டிராகன்.
சிகப்பி வாங்கிப்போய் இரண்டே நாளில் திருப்பினாள்:
"எரிஞ்ச ஊர்க்காரன் ஒருத்தன்கூட
கதையில வாயத் தொறக்கலயேண்ணே?"
அப்படியே போட்டிருக்கிறேன், அவள் பெயரோடு.
இந்த மதிப்புரையில் உருப்படியான வரி அதுதான்.

மூன்றாவது மெலிசு. ரஹ்மத் நிஷாவின் முதல் நூல்.
மந்திரவாதி ஒருவன் ஏரியை மறையவைக்கிறான்.
யாகம் இல்லை, மண்டையோடு இல்லை.
ஆட்டுத் தோலில், நிறுத்தி நிதானமாய்,
ஏரி இல்லாத ஓர் ஊரை எழுதுகிறான், அவ்வளவுதான்.
தவளைகள் மனுவோடு வரிசையில் நிற்கின்றன.
படகோட்டிக்குத் தன் தொழில் மறந்துபோகிறது.
எழுதி முடித்த மந்திரவாதி
கை மசியைக் கழுவத் தண்ணீர் கேட்கிறான்.

'நடை நன்று' என்று ஆரம்பித்தேன்.
'ஆனால் மந்திரம் நம்பும்படி இல்லை.
வெறும் எழுத்தால் ஒரு நீர்நிலை எப்படி மறையும்?'

பேனாவை மூடினேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம், யாரும் நோகக் கூடாது.
பத்தொன்பது வருடம் முன்னால், ஒரு புதன்கிழமை.
கிழக்கே தார்ச்சாலை, மேற்கே கோயில் நந்தவனம்,
வடக்கே மெய்யப்பன் வகையறா மனை,
தெற்கே வண்டிப்பாதை,
இதற்குட்பட்ட தரிசு.
ஊருணி என்ற சொல்
ஒன்பது பக்கத்தில் எங்கும் விழாமல் பார்த்துக்கொண்டேன்.
கூலி எண்ணூறு, மதியம் பிரியாணி.
யாதொரு வில்லங்கமும் இல்லை என்று முடித்தேன்.
முத்து முத்தான கையெழுத்து என்றார் வாங்கினவர்.
இப்போது முப்பத்திரண்டு வீடு.
ஐப்பசி அடைமழையில் மட்டும்
தண்ணீர் வந்து கட்டிலுக்கடியில்
தன் இடத்தை அளந்து பார்க்கிறது.

அந்தப் பத்தியை அடித்தேன்.
'மந்திரவாதிக்குப் பெயர் வைத்திருக்கலாம்'
என்று எழுதி, அதையும் அடித்தேன்.

"மூணாவது எங்கய்யா?" அடைக்கப்பன் போனில்.
"வேற ஆளப் பாருங்க. நான் அதுல ஒரு பாத்திரம்."
சிரித்தார். கேலி நாவலாப் படிச்சு
உமக்கும் தொத்திக்கிச்சு என்றார்.

டோக்கன் பதினேழு.
கல்யாணமாகி ஒரு வருடம்கூட இருக்காது,
புது மனை, கையில் இனிப்புப் பெட்டி.
நான்கு எல்லையும் ஒப்பித்தார்கள்.
"நடுவுல முன்னாடி என்ன இருந்துச்சு?"
அவன் அவளைப் பார்த்தான்.
"அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையே சார்"
என்றாள் அந்தப் பெண்.
படித்தவள்.